எளிமையாக வாழ நீலகிரிக்கு வருகிறீர்களா? கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரத்து வாழ்க்கையைக் குறைத்துக்கொண்டு, விசுவாசத்தின் நிமித்தம் எளிமையாக வாழவேண்டும் என்று நீலகிரிப் பக்கம் வர நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அம்பத்தூரிலிருந்து கோத்தகிரிப் பக்கம் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. வருவதற்கு முன் யாரிடம் யோசனை கேட்டாலும் ஜெபம் பண்ணுங்கள் என்றார்கள். பண்ணினோம். ஆனால் எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போவது, எந்த நிலத்தைத் தொடக்கூடாது, மழைக்காலத்தில் எந்த வீடு தாங்கும் என்று சொல்ல ஆளில்லாமல் ரொம்பவே அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைப்பது பாதி வேலைதான். குறைத்து மிஞ்சும் பணம் யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்று முடிவு செய்யாமல் மலையேறினால், இரண்டு மூன்று வருடத்தில் அது ஒரு மனையாகவும் காட்டேஜாகவும் மாறிவிடும். அப்புறம் அந்தக் கட்டடத்தின் கடனை அடைக்கத்தான் வாழ்க்கை. இங்கே அப்படி ஆன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவை சுருக்கம்.

1. கிளம்பும் முன்: கணக்கு, கடன், காப்பீடு

மூன்று மாதம் வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசியில் வேண்டாம்; வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற நோட்டாக இருக்கட்டும். பிள்ளைகளும் பார்க்கட்டும். மூன்றாம் மாதக் கடைசியில் கணவன் மனைவி உட்கார்ந்து, 'எங்களுக்கு மாதம் இவ்வளவு போதும்' என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்போம். அதை ரூபாயில் எழுதிப் பார்க்கும்போதுதான் நமக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

அந்தத் தொகையில் கைவைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: பெற்றோருக்கு அனுப்பும் பணம். காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, 'கொர்பான்' என்ற அந்தச் சாக்கில் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். மாற்கு 7-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கடன்களில் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், நகைக் கடன் மூன்றையும் அடைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். மலையில் வருமானம் எப்படியும் குறையும், வட்டி குறையாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டு 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்கவேண்டியிருக்கிறது. அந்தச் செலவு கடைசியில் சபையார் தலையில்தான் விழும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும். அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் தனியார் காப்பீட்டைத் தொடருங்கள்.

2. வீட்டுக்கு முன் சபை

எல்லோரும் வீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு பக்கத்தில் கோவில் எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். எந்தச் சபையோடு வாழப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதற்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுங்கள். தனியாக எளிமையாக வாழ்வது சீக்கிரம் சலித்துப்போகும். பெருமையும் உள்ளே வந்துவிடும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் தற்போதைய சேகர ஆயரிடமிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் இழுத்தடிக்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, உங்கள் திருமணச் சான்று மூன்றிலும் இரண்டு இரண்டு நகல் எடுத்துவையுங்கள். நீலகிரி சி.எஸ்.ஐ. சபைகள் கோயம்புத்தூர் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது உதகை மறைமாவட்டம். பழைய பங்குத்தந்தையின் கடிதமும் பங்குக் குடும்ப அட்டையும் போதும். வந்ததும் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்குக் குழு) வருகிறது என்று கேட்டுச் சேர்ந்துவிடுங்கள். வீடு, வேலை, ஆள் உதவி என்று எல்லாத் தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு தடவை மழையில் வந்து தங்கிப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கடுமை, அக்டோபர், நவம்பர். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, ஜூலை. ஏப்ரலில் வந்து பூவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாங்கள் முதலில் போய்ப் பார்த்த ஆயர் ஐயா, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், "தம்பி, மலைக்கு வந்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். எளிமையாக இருக்கப்போகிறோம் ஐயா என்றேன். "இங்க இருக்கிற ஜனங்க எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. அவங்களுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலோடு வாருங்கள். டியூஷன் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம், மருத்துவமனைக்குத் துணைபோவதாக இருக்கலாம், கணக்கு எழுதிக்கொடுப்பதாக இருக்கலாம்.

3. வீடு: வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள்

குறைந்தது இரண்டு மழைக்காலம் வாடகை வீட்டில் இருந்து பார்க்காமல் நிலம் பற்றி யோசிக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் அதற்குப் பிறகும் வேண்டாம்.

வாடகை இடத்துக்கு இடம் மாறும். இரண்டு அறை, சமையலறை, பின்னால் கொஞ்சம் மண் உள்ள ஓட்டு வீட்டுக்கு நாங்கள் மாதம் 6,500 ரூபாய் கொடுக்கிறோம். கடைவீதியை ஒட்டிப் போனால் கூடும். முன்பணம் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்பதுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் பொது விதி; வேறு விதமாக ஒப்பந்தம் செய்தால் மட்டும் கூடலாம். அதனால் கூடுதலாகக் கேட்டால் மரியாதையாக எடுத்துச் சொல்லிப் பேசுங்கள். 2017-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் 90 நாளுக்குள் பதியவேண்டும். இரு தரப்பு ஆதார், பான், புகைப்படம், ஒப்பந்த நகல் தேவை. வீட்டுக்காரர் 'பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளலாம், பதிவெல்லாம் எதுக்கு' என்பார். அந்தப் பதிவு உங்களுக்குத்தான் வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதுதான் ஆதாரம்.

போக்கியத்துக்கு வீடு தருகிறேன், வாடகையே வேண்டாம், மூன்று லட்சம் கொடுங்கள் என்று வருவார்கள். வாடகை மிச்சம் என்று ஆசையாகத்தான் இருக்கும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமலும், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் சபையிலேயே ஒரு குடும்பம் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க இன்னும் நடக்கிறது.

வீடு பார்க்கும்போது பார்க்கவேண்டியவை:

பின்பக்கம் மண் சரிவா? தடுப்புச் சுவர் இருக்கிறதா, அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா? மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை மண்சரிவு அபாயப் பகுதிகளாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். காலை வெயில் வீட்டுக்குள் விழுகிறதா? விழாத வீட்டில் வேதாகமத்தின் தோல் உறையில்கூடப் பூஞ்சை பூக்கும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? இதை வீட்டுக்காரரிடம் கேட்கக்கூடாது, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கவேண்டும். நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டத் தடை உள்ளது. ஆகவே 'அப்புறம் போர் போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படுகர் ஹட்டிகளில் (படுகர் மக்கள் வாழும் ஊர்களில்) வீடு கிடைத்தால், முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து யார், என்ன வேலை, எந்தச் சபை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் குடிபோங்கள். ஊரின் கட்டுப்பாடுகளைக் கேட்டுக்கொண்டு அதன்படி நடங்கள். ஊர்ப் பண்டிகையில் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது உங்கள் மனச்சாட்சி. ஆனால் ஒரு துக்கத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, இவ்வளவு சொல்லியும் நிலம்தான் வேண்டும் என்றால், இதையாவது படித்துவிட்டுப் போங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் விலை குறைவாக வரும் நிலத்தில் பெரும்பகுதி ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் (பழைய ஜென்மிகளின் பெருநிலங்களை அரசு எடுத்துக்கொண்ட சட்டம்) 17-ஆவது பிரிவில் சிக்கியது, பட்டா கிடைக்காது. கைப்பணம் கொடுத்து வெறும் பத்திரத் தாளில் எழுதித் தருவார்கள், அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எங்கேயானாலும் பட்டா, சிட்டா, புல வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று நான்கும் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் நிலத்துக்கு 1,80,000 ரூபாய் இதற்கே போய்விடும். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மரம் வெட்டவும் மண் அள்ளும் இயந்திரம் இறக்கவும் தனித்தனி அனுமதி.

பஞ்சமி நிலம், ஆதிதிராவிடருக்கோ பழங்குடியினருக்கோ அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். சட்டப்படி செல்லாது என்பது ஒரு பக்கம். ஆகாப் ராஜா பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி வேதாகமத்தில் வாசித்தவர்களுக்கு அதை மலிவு விலைக்கு வாங்கி, அதில் எளிமையாக வாழ்கிறேன் என்று சொல்ல வாய் வராது.

4. சாமானைக் கழிப்பதும் லாரியும்

இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று யோவான் ஸ்நானகன் சொன்னதை அப்படியே அலமாரியில் செய்து பாருங்கள். கொடுக்கும்போது நல்லதைக் கொடுங்கள். கிழிந்த புடவையையும் பழுதான மிக்ஸியையும் 'ஏழைகளுக்கு' என்று மூட்டை கட்டிச் சபை வாசலில் வைத்துவிட்டு வருவதற்குப் பெயர் குப்பை போடுவது.

ஏசி, ஃபிரிட்ஜ் இரண்டும் தேவைப்படவில்லை. பிரஷர் குக்கர் கட்டாயம்: இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், கேஸ் வீணாகும். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு நல்ல கம்பளி, மழைக்கால ரப்பர் பூட்ஸ் இவற்றை மட்டும் தரமாக வாங்குங்கள். ஸ்வெட்டரைச் சென்னையில் தேடாதீர்கள், ஊட்டி திபெத்தியர் கடைகளில் கிடைக்கும்.

லாரி வாடகையைப் பேசும்போது திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும் வண்டிகளில் வாடகை குறையும். சாமான் கொஞ்சமாக இருந்தால்தான் இது முடியும். பள்ளி முடிந்ததும் ஏப்ரலிலேயே ஏறிவிடுவது நல்லது. மே மாதம் மலைப்பாதை முழுக்க சுற்றுலா வண்டிகள்.

5. காகிதங்கள், இந்த வரிசையில்

முதலில் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். அதை வைத்துக் குடும்பத் தலைவரின் ஆதார் முகவரி. அவர் ஆதார் மாறியதும் மற்றவர்களுடையதைக் குடும்பத் தலைவர் அடிப்படையில் இணையத்திலேயே மாற்றலாம். அடுத்து ரேஷன் அட்டை: உணவு வழங்கல் துறை இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ முகவரி மாற்ற விண்ணப்பித்து, எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

கேஸ் இணைப்பு: பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்று வவுச்சர் வாங்கிவாருங்கள். சிலிண்டரை லாரியில் ஏற்றுவது ஆபத்து, பயனும் இல்லை.

பள்ளி: மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்), ஆதார். எங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். 'நீங்கள் எளிமையாக வாழ ஆசைப்பட்டால் பிள்ளைகளை ஏன் பலி கொடுக்கிறீர்கள்' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், தயாராக இருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு என்பதையும் தெரிந்துவையுங்கள். பிள்ளைக்கு அங்கே ஒத்துவரவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்கவேண்டாம். எளிமையை நாம் தேர்ந்தெடுத்தோம், அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

ரேஷன் அரிசியைப் பற்றிச் சபையில் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாமா என்றால், சமைத்துச் சாப்பிடுவதானால் வாங்குங்கள். பக்கத்து வீட்டார் சாப்பிடும் அரிசியை நாமும் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. வாங்கி மாட்டுக்குப் போடுவதும் விற்பதும்தான் பாவம். வேண்டாம் என்றால் அதே இணையதளத்தில் விட்டுக்கொடுக்க வழி இருக்கிறது.

6. அடுப்பு, குளிர், குப்பை

மின்சாரத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2 கிலோவாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் அதுவே 120 யூனிட். நாங்கள் விறகு பாய்லருக்கு மாறினோம்; விறகு தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்து (கிளை வெட்டி) போட்ட மிலாறுக் குச்சிகளும் கடையில் வாங்கும் யூகலிப்டஸும். காப்புக்காட்டில் சுள்ளி பொறுக்கப் போகாதீர்கள், வனத்துறை வழக்குப் போடும்.

இது உயிர் சம்பந்தப்பட்டது: குளிருக்காக அடுப்புக்கரியை மூட்டி, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். நெடியே இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைந்து, தூக்கத்திலேயே இறந்தவர்கள் இந்த மலையிலும் கொடைக்கானலிலும் உண்டு. வரும் விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

சமையல் கழிவை வெளியே வைத்தால் கரடி வரும். எண்ணெய் வாசனைக்கு அதற்குத் தனி ஆசை. ஒரு இரவு எங்கள் பின்கட்டில் வைத்திருந்த நல்லெண்ணெய் டின்னை நெளித்து, மூடியை நகத்தால் கிழித்து, ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டுப் போயிருந்தது. கதவில் ஐந்து கோடு. அன்றிலிருந்து எண்ணெய், சர்க்கரை, பழம் எல்லாம் உள் அறையில். உரக்குழிக்குக் கனமான மூடி. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் சிறிய தண்ணீர் பாட்டிலும் தடை, சோதனைச் சாவடியிலேயே அபராதம். துணிப்பை, தூக்குவாளியோடு கடைக்குப் போவது இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

தேயிலை மண் புளிப்பு மண். காய்கறி போடுமுன் டோலமைட் கலந்து ஆறவிடுங்கள். முதல் வருடம் கீரை, பீன்ஸ், மேரக்காய் (சௌசௌ) போதும். மேரக்காய்க் கொடி ஒன்று படர்ந்துவிட்டால் தெருவுக்கே கொடுக்கலாம். எங்களுக்கு முதல் காயை முளையோடு கொடுத்தது பக்கத்து வீட்டு அக்காதான். வாங்கும் காய்கறிக்கு உழவர் சந்தைக்குப் போங்கள், காலையிலேயே. அங்கே பேரம் பேசாதீர்கள். கேரட்டும் பூண்டும் விற்க வருபவர்களின் விலையைக் குறைத்து நாம் சிக்கனமாக இருப்பது சிக்கனமே இல்லை.

இட்லி மாவு குளிரில் லேசில் பொங்காது, அடுப்படி ஓரம் போர்த்தி வையுங்கள்.

எங்கள் நால்வருக்கு இப்போது ஆகும் மாதச் செலவு: வாடகை 6,500, மளிகை 6,500, பால், காய்கறி, முட்டை, கறி 5,000, கேஸ், மின்சாரம், போன், இணையம் 2,200, பள்ளி, பேருந்து 2,000, காப்பீட்டுக்கு எடுத்துவைப்பது 2,000. மொத்தம் 24,200. பெற்றோருக்கு அனுப்புவதும் காணிக்கையும் இதில் சேராது. உங்களுக்கு இது கூடலாம், குறையலாம்.

7. மிஞ்சும் பணம்

சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மாதக் கடைசியில் ஒன்றும் இருக்காது. 'போதும்' என்று நீங்கள் எழுதிய தொகை, ஆறு மாதக் கையிருப்பு, பெற்றோர் பங்கு இவை போக மீதி முழுவதும் வெளியே போகவேண்டும். அதில் ஒரு பங்கு சபைக்கு. ஒரு பங்கு பெயர் தெரிந்த ஒரு தேவைக்கு: ஒரு பிள்ளையின் நர்சிங் கட்டணம், ஒரு வீட்டின் ஓடு. இன்னொரு பங்கை எதிர்பாராத தேவைக்கென்று தனிக் கணக்கில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் என் மனைவி அவள் பாட்டியின் பழக்கத்தைத் தொடர்கிறாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து மூடி போட்ட பானையில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை இன்னும் பல சபைகளில் உண்டு. பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கைவிட இந்தப் பானை சீக்கிரம் புரிகிறது.

கடனாகக் கேட்பவர்களுக்கு, திரும்ப வராவிட்டால் மனம் கசக்காத தொகையை மட்டும் கொடுங்கள், அதையும் கொடையாகவே கொடுத்துவிடுங்கள். ஒரே சபையில் கடன்காரராகவும் கடன் கொடுத்தவராகவும் திருவிருந்துக்கு முழங்காலிடுவது இருவருக்குமே கஷ்டம். தோட்ட வேலைக்கு, கட்டட வேலைக்கு ஆள் வைத்தால் ஊர்க் கூலிக்கு ஒரு ரூபாய் குறையாமல், அன்றைக்கே கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் கணக்கு நோட்டை இன்னொரு குடும்பத்திடம் காட்டுங்கள், அவர்கள் நோட்டை நீங்கள் பாருங்கள். தயக்கமாகத்தான் இருக்கும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிறிஸ்தவர், தணிக்கையாளர். பம்பாயில் நடத்திய தொழிலை விட்டு காந்தியோடு சேர்ந்தவர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்கு அவர் கையில் இருந்தபோது, காந்தி குழுவினரின் செலவைக்கூட நிவாரண நிதியில் ஏற்ற மறுத்தார். பிறர் பணம் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். நம்மிடம் மிஞ்சுவதும் பிறருக்கு உரிய பணம்தானே.

8. தொடங்கக்கூடாதவை

வந்து ஒரு வருடத்தில் 'ஏதாவது ஊழியம் ஆரம்பியுங்கள்' என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

ஆதரவற்ற பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்பட்டால், 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைப் பாருங்கள். வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துவது வேறு. வீட்டை நிரந்தர ஜெப வீடாக மாற்றி பெயர்ப்பலகை வைப்பது வேறு, அதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். வெளிநாட்டு நண்பர் அன்பாகக் கொடுக்கும் பணமானாலும், ஊழியத்துக்கு என்று வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். ஏற்கெனவே நன்றாக நடக்கும் இல்லமும் மருத்துவமனையும் பள்ளியும் இந்த மலையில் நிறைய உண்டு. அவற்றில் ஆள் பற்றாக்குறை உண்டு. அங்கே போய் நில்லுங்கள்.

அப்புறம், விருந்தாளிகள். நீங்கள் மலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் வருவார்கள். வரட்டும், விருந்தோம்பல் விசுவாசத்தின் பகுதி. பணம் வாங்கிக்கொண்டு தங்கவைக்க மட்டும் தொடங்காதீர்கள். அனுமதியில்லாத தங்கும் விடுதி என்று சீல் வைப்பார்கள், எளிமையும் அன்றோடு போகும். காரில் வருகிறவர்கள் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்கவேண்டும். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வார இறுதியிலும் சீசனிலும் கிடைக்காமல் போகலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கோத்தகிரிக்கு அரசுப் பேருந்தில் ஏறினால் பாஸ் வேண்டாம், பார்க்கிங் தேட வேண்டாம். போர்வை மட்டும் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.